கொடிச்சீலையை யார் தைப்பது?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஒன்று தென்மேல் பருவமழை. மற்றது புனித அந்தோனியார் திருவிழா. 13ஆம் திகதி திருவிழா என்றால் நவநாளுக்கு முன்னதாகக் கொடி ஏறவேண்டும். ஆகவே மழை கனக்கத் தொடங்கும் அந்த முதல் வாரத்திலேயே கொடியும் ஏறுகிறது. ஏறிய கொடி பத்து நாளும் நனைந்து, கம்பத்தோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். காற்றில் பறக்கும் திருவிழாக் கொடியை எமது தோட்டத்துப் பிள்ளைகள் படத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கென வெளிவரும் ஏட்டில் திருவிழாக் கொடியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். விதைக்கிழங்கு இருக்கிறது, உரம் இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது; கொடி எதற்கு? நாமும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். டிக்கோயாப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் ஒரு மே மாத மாலை நடந்த கூட்டம் அந்த எண்ணத்தை மாற்றியது.

செபமாலை முடிந்தபின் திருவிழாக் குழு கூடியிருந்தது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் விடுமுறையில் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, "தைக்கிற வேலையெல்லாம் எதுக்கு பாதர்? டவுன்ல குடுத்தா ஒரே நாள்ல அடிச்சுத் தர்றாங்க. கொடியும் அடிக்கலாம், பேனரும் அடிக்கலாம். நடுவுல அந்தோனியார் படம், கீழ உபயகாரங்க படம்" என்றார். பலரும் ஆமென்று தலையசைத்தார்கள். அப்போது கதவோரம் நின்ற ஒரு வயதான அம்மா, கோபமில்லாமல், கணக்குக் கேட்பவரைப்போலக் கேட்டார்: "எங்கள இப்ப எந்த லயத்துக் கணக்குல வச்சிருக்கீங்க, சாமி?"

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதில் இருக்கவும் இல்லை.

அந்த அம்மாவின் குடும்பத்தோடு எட்டுக் குடும்பங்கள் மேல்மலை லயத்தில் இருந்தவர்கள். ஒரு மழைக்காலத்தில் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. மண்சரிவு அபாயம் என்று அதிகாரிகள் வந்து சொன்ன இரவிலேயே இறங்கிவிட்டார்கள். விளையாட்டு மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டில்கள் போட்டுக் கொடுக்கப்பட்டன. லயத்துக்குப் பின்னால் அவர்கள் தலைமுறையாகக் கொத்திப் பண்படுத்திய மரக்கறிப் பாத்திகள் மேலேயே கிடந்துவிட்டன. லீக்ஸும் கரட்டும் கோவாவும் விளைந்த மண் அது. தோட்டத்தில் பேர் போட்டுக் கிடைக்கும் நாட்சம்பளம் சாப்பாட்டுக்குப் போக, பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொண்டது அந்தப் பாத்திகள்தான். அந்தத் துண்டு நிலத்துக்கு உறுதி கிடையாது. ஆதலால் நட்டஈட்டுப் பட்டியலிலும் அது ஏறவில்லை.

திருவிழாச் சந்தா அந்தத் தோட்டத்தில் லயம் லயமாகச் சேர்க்கப்படுகிறது. லயத்துக்கொருவர் பொறுப்பு. மேல்மலை லயம் காலியானபின் அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. 'பாவம், கஷ்டத்தில் இருப்பவர்களிடம் கேட்பானேன்' என்று விட்டுவிட்டார்கள். நாமும் அதை நல்லெண்ணம் என்றே எடுத்துக்கொண்டோம். ஈராண்டுகள் அந்தக் குடும்பங்களிடம் யாரும் ஒரு சதமும் கேட்கவில்லை. நிவாரண அரிசி கொடுக்கும்போது மட்டும் அவர்கள் பெயர் முதலில் வாசிக்கப்பட்டது. ஆலயத்தில் அவர்கள் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, பின்வரிசையிலிருந்து கதவோரத்துக்கு நகர்ந்ததை நாம் கவனிக்கவில்லை. பெறுவதற்கு மட்டும் ஒருவரை அழைத்து, கொடுப்பதற்கு அழைக்காமல் விட்டால் அவர் எங்கே போய் நிற்பார் என்பதை அந்தக் கேள்விதான் எமக்குக் காட்டிற்று.

அத்தனைக்கும் அந்த ஆலயத்தின் கொடியைப் பல ஆண்டுகளாகத் தைத்து வந்தவர் அந்த அம்மாவேதான். லயத்தை விட்டு இறங்கிய இரவில் சட்டி பானையை விட்டுவிட்டுக் கைமெஷினைத் தலையில் தூக்கி வந்தவர்.

கொடியேற்றம் உரோமையிலிருந்து வந்த சடங்கன்று. எமது மண்ணின் வழக்கம் அது. ஊருக்குத் திருவிழா அறிவிப்பதற்குக் கம்பத்தில் கொடி ஏற்றுவதும், முடிந்ததும் இறக்குவதும் தமிழ்நாட்டு, ஈழத்து இந்துக் கோயில்களில் நெடுங்காலமாக உள்ளவை. கரையோரக் கத்தோலிக்கர் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29இல் கொடி ஏறி, செப்டெம்பர் 8இல் மாதாவின் பிறப்பு விழாவோடு நிறைவுறுகிறது. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு ஜூலை 26இல் கொடி, ஆகஸ்ட் 5இல் திருவிழா. கடல் கடந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த எம்மவரில் கத்தோலிக்கராக இருந்த சிலர் இந்த வழக்கத்தையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். ஆலயம் எழுப்பக் காணியில்லாத இடத்திலும் ஒரு கம்பு நடலாம் அல்லவா? தோட்டங்களில் கொடிக்கம்பத்துக்கு மரம் தருபவரும், பவனிக்குத் தப்படிப்பவரும் மாரியம்மன் கோயிலைச் சேர்ந்தவர்களாக இருப்பதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவர்கள் திருவிழாவுக்கு எம்மவரும் அப்படியே.

நிறங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மஞ்சளும் வெள்ளையும் திருத்தந்தையின் நிறங்கள். 1929இல் வத்திக்கான் தனி அரசானபோது அதன் கொடியும் அதுவேயானது. மாதாவுக்கு நீலமும் வெள்ளையும். இரத்தம் சிந்திய செபஸ்தியாருக்குச் சிவப்பு. அந்தோனியாருக்கு அவர் உடுத்திய பிரான்சிஸ்கன் துறவாடையின் கபில நிறம். இது சட்டமன்று, வழக்கம்தான். கபிலத் துணி கிடைக்காத ஓர் ஆண்டு மஞ்சள் துணியில் தைத்து ஏற்றிய தோட்டத்தை நாம் அறிவோம். அந்தோனியார் அதற்காகக் கோபித்ததாகத் தெரியவில்லை.

எமது மக்களுக்கு இந்தத் துணித்துண்டு ஏன் இவ்வளவு பெரிதானது? இருக்கும் காம்பரா தோட்டத்தினுடையது. நடக்கும் பாதை தோட்டத்தினுடையது. பெரும்பாலான சிற்றாலயங்கள் நிற்கும் நிலமும் அப்படியே. 1948இல் பிரசாவுரிமை போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்றானது. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பயிர்செய்தவர்கள் பிறகு போரில் அங்கிருந்தும் கிளம்பினார்கள். இந்த ஏட்டை வாசிக்கும் உங்களில் பலருக்கு இதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இத்தனைக்கும் நடுவே யாரிடமும் குத்தகைக்கு எடுக்காமல், யாரும் பறிக்க நினைக்காமல், சமூகத்தின் பொதுச்சொத்தாக இருந்தவை மிகச் சிலவே. மடித்து வைத்த கொடிச்சீலை அவற்றில் ஒன்று.

விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெயர்ப்பட்டியல் என்று நாம் வழக்கமாகத் தாண்டிப்போகும் பகுதி அது. இஸ்ரயேல் மக்களுக்கு அப்போது ஒரு சாண் நிலமில்லை. பாலைவனத்தில் கூடாரம் அடித்து வாழ்கிறார்கள். அந்த நிலையில் ஒவ்வொரு குலமும் தன் கொடியின் கீழ், சந்திப்புக் கூடாரத்தைச் சுற்றிப் பாளையமிறங்க வேண்டும் என்று இறைவன் கட்டளை கொடுக்கிறார். நாடு கிடைத்தபின் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே கொடி.

எமது நாட்டிலும் சான்று இல்லாமலில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களால்தான் மடு உண்டாயிற்று. 1990களில் அதே மடு பல்லாயிரம் அகதிகளுக்குப் புகலிடமானது. 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் திரும்பி வந்தது.

அந்தோனியாரும் தாம் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராதவர்தான். லிஸ்பனில் பிறந்தவர், மறைபரப்ப மொறொக்கோவுக்குப் போனார், அங்கே நோய். திரும்பும்போது புயல் கப்பலைச் சிசிலித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதுவா நகர் அவருக்கு ஊரானது அதற்கப்புறம். காணாமற்போன பொருளுக்கு அவரிடம் வேண்டும் நாம், இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம்: 1231 மார்ச்சில், அவர் இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன், அவர் கேட்டுக்கொண்டபடி பதுவா நகரசபை ஒரு சட்டம் செய்தது. தன் உடைமையை ஒப்படைத்துவிட்ட கடனாளியைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். நுண்கடன்காரர் வாரந்தோறும் வந்து நிற்கும் லயங்களில் இதைப் பிரசங்கத்தில் சொன்னால் மக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி அந்தப் பேனர் விஷயத்துக்கு வருவோம். அச்சடித்த பேனரை முழுதாகக் குறைசொல்ல நாம் தயாரில்லை. அது மழைக்குத் தாங்கும். நிறம் கரையாது. அதைவிட முக்கியமாக, மைதானத்துக் கொட்டில்களில் கூரை ஒழுகிய இடங்களிலெல்லாம் விரித்துக் கட்டியிருந்தது பழைய பேனர்களைத்தான். எந்த ஆண்டுத் திருவிழாவோ, யாரோ ஓர் உபயகாரரின் சிரித்த முகம் தலைகீழாக உள்ளே தொங்க, அதன் கீழே பிள்ளைகள் பாடம் படித்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டு, நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, தலைக்கு மேல் ஒரு விரிப்பு என்பது எவ்வளவு பெரிய உதவி என்று எல்லோருக்கும் விளங்கிற்று. ஆகவே அந்தப் பொருளோடு எமக்குச் சண்டையில்லை.

முகம் போடுவதில்தான் சண்டை. படம் போடப் பணம் வேண்டும்; பணம் தருபவருக்கே படம். தருபவரும் செல்வந்தரல்லர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பேனருக்குப் போகும் பணத்தை அந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கூடை சுமந்தால் அது வரும் என்று தெரியும். பக்கத்து டிவிஷனில் எட்டடி அடித்தால் எமக்குப் பத்தடி என்று போட்டி வளர்கிறது. நகை அடகுக்குப் போகிறது. அன்று கூட்டத்தில் எழுந்த இளைஞரிடம் பிறகு தனியாகக் கதைத்தோம். "கொழும்புல என் பேரு யாருக்கும் தெரியாது பாதர். 'ஏய் தோட்டத்துப் பையா'ன்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம ஊருலயாவது என் மூஞ்சிய நாலு பேர் பார்க்கட்டுமேன்னு நினைச்சேன்" என்றார். அவரை நாம் எப்படிக் கண்டிப்பது? அவருக்கும் அந்த அம்மாவுக்கும் குறை ஒன்றுதான். இருவரும் தம்மைக் கணக்கில் வைக்கும்படிதான் கேட்டார்கள்.

கொடியில் மரியாதை தேடுவதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கொடியைத் தூக்குவது எந்தக் குடும்பம், கயிற்றில் முதலில் கைவைப்பது யார், பவனி எந்தத் தெருவால் போவது என்பவற்றில் சாதி ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஆலயத்தில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் மற்றக் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட பிணக்கு 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, இருவர் இறந்தார்கள். தோட்டங்களில் அப்படி இரத்தம் சிந்தவில்லை என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் 'பணிய லயத்து ஆட்கள் கம்பம் தூக்கட்டும், கொடி நாங்கள் தூக்குகிறோம்' என்ற பேச்சை எமது காதாலேயே கேட்டிருக்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மந்திரித்த பொருள் பழுதானால் அதை எரித்துச் சாம்பலைப் புதைக்க வேண்டும், அல்லது மண்ணில் புதைக்க வேண்டும் என்பது திருச்சபை வழக்கம். பருத்திச் சீலையை எரித்தால் ஒரு பிடி சாம்பல். பேனரை எரித்தாலோ அதன் பிளாஸ்டிக் பூச்சிலிருந்து நச்சுப்புகை வரும், புதைத்தால் உக்காது. எரிக்கவும் முடியாமல் புதைக்கவும் முடியாமல் அந்தோனியார் கடைசியில் தேயிலைக் கானில் அடைத்துக்கொண்டு கிடப்பார். இதைச் சொன்னபோதுதான் குழுவில் இருந்த பெரியவர்கள் சற்று அசைந்தார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மூன்று கூட்டங்கள் நடந்தன. இரண்டாவது கூட்டத்தில் ஓர் உபயகாரர் எழுந்து போய்விட்டார்; அவ்வாண்டு சாப்பாட்டில் ஒரு கறி குறைந்தது. கடைசியில் சந்தாப் பட்டியலை லயவாரியாக எழுதாமல் குடும்பவாரியாக எழுதுவதென்று முடிவாயிற்று. கொட்டில் குடும்பங்கள் எட்டும் அதில் ஏறின. அவர்களுக்குக் குறித்த பங்கு பணமன்று. கொடியும் தோரணங்களும் தைக்கும் வேலை. ரோட்டுச் சந்தியில் வைக்க மட்டும் ஒரு பேனர். அதில் புனிதரும் திகதியும் நேரமும், வேறு முகமில்லை. அந்த இளைஞர் தம் பணத்தில் துணியும் கப்பியும் வாங்கித் தந்தார்.

தையலைப் பற்றி அந்த அம்மாவிடம் நாம் கற்றவற்றைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் ஊரிலும் உதவும். துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சுருங்கி, ஒட்டிய சிலுவை கோணிக்கொள்ளும். சிவப்பு, கபிலத் துணிகளைத் தண்ணீர் தெளியும்வரை தனியே அலச வேண்டும். இல்லையேல் சாயம் வெள்ளையில் இறங்கும். பொப்லின் பார்க்க அழகு, ஆனால் நனைந்தால் கனக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழைக்குப் பொலியெஸ்டர் கலந்த துணிதான் விரைவில் காயும். கயிற்றுப் பக்கத்துக்குத் தடித்த கன்வஸ் பட்டி இரட்டையாக வைத்துத் தைக்க வேண்டும். கிழிவது அந்தப் பக்கமன்று, காற்றில் அடிபடும் எதிர்ப்பக்கம். அங்கே விளிம்பை மூன்றாக மடித்தால் நல்லது. தும்புக்கயிறு வேண்டாம். நனைந்தால் உப்பிக் கப்பியில் இறுகிவிடும். நைலோன் கயிறே நல்லது.

இந்தக் கடைசி அறிவுரையை நாமே கேட்கவில்லை. ஆலயத்தில் கிடந்த பழைய தும்புக்கயிறு இருக்கிறதே, எதற்குச் செலவு என்று நாம்தான் சொன்னோம். கொடியேற்றத்தன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டில்களிலிருந்து கொடி புறப்பட்டு வந்தது. கோயில் மரியாதைக்காரர்களுக்குக் கொஞ்சம் முகச்சுளிப்பு இருந்தாலும், எட்டுக் குடும்பத்துப் பெண்களும் அதன் நான்கு மூலைகளையும் பிடித்து விரித்துத் தூக்கி வந்தார்கள். மந்திரித்தோம். கயிற்றை இழுத்தோம். முக்கால் கம்பம் போய்க் கொடி நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. பாடல் இரண்டுமுறை திரும்பப் பாடப்பட்டது. அந்த அம்மா எம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மாரியம்மன் கோயிலில் வழக்கமாகக் கம்பம் ஏறும் ஒரு பையன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கப்பியை உதைத்து விடுவித்தான்.

13ஆம் திகதி இரவு கொடி இறங்கியபின், அதை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. ஆலயத்து அலுமாரியில் ஈரம் கசியும். கொட்டிலொன்றில் பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. உலர்த்தி மடித்து, வேப்பிலை போட்டு அதில் வைத்தார்கள்.

எட்டுக் குடும்பங்களில் ஐந்துக்கு இப்போது 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்திருக்கிறது. அந்த அம்மாவுக்கும் ஒன்று. பின்னால் நான்கு பாத்தி லீக்ஸ் போட்டிருக்கிறார். மற்ற மூன்று குடும்பங்களும் இன்னும் மைதானத்தில்தான் இருக்கின்றன. வீடு மாறியபோது கைமெஷினை எடுத்துக்கொண்டவர், தகரப்பெட்டியை எடுத்துப் போகவில்லை. அது கொட்டிலில், கூரை ஒழுகாத மூலையில் இருக்கிறது. மே மாதம் வந்தால் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி அங்கே போகிறார்.